உழவர் பயிற்சியும் உழத்தியின் விதைப்பானையும்

வெள்ளகோவில் பக்கத்தில் வயல் என்ற சொல்லுக்கு அதிகம் வேலையில்லை. மழையை நம்பிக் கிடக்கும் நிலம் காடு. கிணறு இருந்தால் தோட்டம். கிளுவை வேலி அடைத்து, நடுவே வெள்வேல மரங்கள் நிற்க, கொழுக்கட்டைப் புல்லை வளரவிட்டு மாட்டுக்கு ஒதுக்கிய நிலம் கொரங்காடு. நான் சிறுமியாக இருந்தபோது, தொலைக்காட்சியில் 'வயலும் வாழ்வும்' தொடங்கியதும் அப்புச்சி சத்தத்தைக் கூட்டச் சொல்வார். "நம்முளுக்கு ஏது கண்ணு வயலு" என்று சொல்லிவிட்டு அம்முச்சி மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுவார். அவர் சொன்னதில் நிலத்தைப் பற்றிய உண்மை மட்டும்தான் இருக்கிறது என்று அன்றைக்கு நினைத்தேன். அந்த நிகழ்ச்சி யாரை முன்னால் உட்காரவைத்துப் பேசியது, யாரை எழுந்துபோகவிட்டது என்ற கேள்வி எனக்கு வர இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின.

உழவருக்குக் கல்வி கொடுத்தால் வீட்டில் சோற்றுக்குப் பஞ்சம் இருக்காது என்பது இன்று நேற்று வந்த கொள்கையல்ல. கோவைச் சீமையில் அதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. வெள்ளகோவில் 1979 வரை கோவை மாவட்டத்திலும், பிறகு பெரியார் மாவட்டத்திலும், 2009 முதல் திருப்பூர் மாவட்டத்திலும் இருந்துவருகிறது. மாவட்டப் பெயர் மூன்று முறை மாறியபோதும் வேளாண்மை படித்தவர்கள் வந்த திசை ஒன்றுதான், கோயம்புத்தூர். ஆகவே இந்தக் கொள்கையைச் சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான பகுதி இல்லை. யாருக்குக் கற்பித்தார்கள், எதைக் கற்பித்தார்கள், அதன்பிறகு சட்டியில் என்ன விழுந்தது?

கற்பிக்க வருவதற்கு முன் இங்கே அறிவு எங்கே இருந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். காட்டில் கம்பும் சோளமும் விதைக்கும்போது தட்டைப்பயறு, நரிப்பயறு, அவரை, ஆமணக்கு என்று ஊடே போடுவார்கள். மழை ஏமாற்றினால் எல்லாம் ஒன்றாகப் பொய்க்காது. ஏதாவது ஒன்று வீட்டுக்கு வரும். உழுவதும் விதைப்பதும் ஆண் கையில். களை, அறுப்பு, தூற்றல், காயவைத்தல், இடித்தல், சேமித்தல் பெண் கையில். விதைக்கு எந்தக் கதிரை நிறுத்துவது, சாம்பல் போட்டுக் கலப்பதா, வேப்பந்தழையா நொச்சித்தழையா, துவரைக்குச் செம்மண் பூசுவதா என்பதையெல்லாம் அம்முச்சி யாரையும் கேட்டதில்லை. அடுத்த மழைவரை எவ்வளவு தின்னலாம், எவ்வளவு விதைக்கு வைக்க வேண்டும் என்ற கணக்கும் அவருடையது. தொம்பையில் கைவிட்டுப் பார்த்தே சொல்வார். இன்றைக்கு 'குடும்ப உணவுப் பாதுகாப்பு' என்று திட்ட ஆவணங்களில் எழுதுகிறார்களே, அதை அந்தக் காலத்தில் நிர்வகித்தது அந்தக் கை.

இதைச் சொல்லும்போதே ஒரு எச்சரிக்கை எனக்கே தேவைப்படுகிறது. பழைய காலத்தைப் பொற்காலமாக்கும் பேச்சில் பெண்ணின் முதுகுவலி எப்போதும் காணாமல் போய்விடும். 1876-78 தாது வருஷப் பஞ்சம் கோவை மாவட்டத்தையும் உலுக்கியது. வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டவள் யார் என்று சொல்லத் தேவையில்லை. பஞ்சமில்லாத வருஷத்திலும் கம்பஞ்சோறு தானாக வந்துவிடாது. விடிவதற்கு முன் நனைத்து, உரலில் இடித்து, புடைத்து, மறுபடி இடித்து, பிறகுதான் உலை. அம்முச்சியின் உள்ளங்கையில் உலக்கை பிடித்த காய்ப்பு அவர் சாகும்வரை இருந்தது. அரிசி வந்தபோது பெண்கள் அதை விரும்பி வரவேற்றார்கள் என்பதை மறைத்துவிட்டுச் சிறுதானியத்தின் பெருமை பேசுவது நேர்மையாகாது.

சென்னை சைதாப்பேட்டையில் 1868-ல் தொடங்கிய வேளாண் பள்ளி 1906-ல் கோயம்புத்தூருக்கு வந்தது. அதுதான் வேளாண்மைக் கல்லூரியாகி, 1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமானது. இந்தப் பக்கத்து உழவர்கள் அறிவில்லாதவர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. நிக்கல்சன் 1887-ல் எழுதிய கோவை மாவட்டக் கையேடு இந்தக் கிணற்றுத் தோட்டங்களை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. இந்திய வேளாண்மையை ஆராய வந்த வோல்க்கர் 1893-ல் வெளியான அறிக்கையில், இந்திய உழவர் சராசரி ஆங்கில உழவருக்குக் குறைந்தவரல்லர் என்றே எழுதினார். அவர் எழுதிய உழவர் ஆண். விதை காத்தவள் அறிக்கைக்குள் வரவில்லை.

பருத்தி, கரும்பு என்று ஆலைக்குப் போகும் பயிர்கள்தான் முதலில் கவனம் பெற்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி கோவைத் தோட்டங்களில் பரவியது. 1912-ல் கரும்பு இனப்பெருக்க நிலையம் வந்தது. 1930-களில் அங்கே ஜானகி அம்மாள் என்ற தாவரவியலாளர் கரும்பின் மரபணுவியலில் வேலை செய்தார். ஒரு பெண் ஆய்வுக்கூடத்துக்குள் இருந்தார் என்பது பெருமைதான். ஆனால் கரும்பு அடுப்புக்கு நேரே வரும் பயிரல்ல. 1920-களில் சிறுதானியங்களுக்கும் தனி ஆராய்ச்சி தொடங்கி, ரங்கசாமி ஐயங்காரும் அவருடைய குழுவினரும் சோளம், கம்பு, ராகியின் இரகங்களை வருஷக்கணக்கில் சலித்தெடுத்தார்கள். நல்ல வேலை. அந்த இரகங்கள் கிராமத்துக்கு வந்தபோது விதை வந்த கை மட்டும் மாறியிருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு நடந்த பிரிவினைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1952 அக்டோபர் 2-ல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தில் கிராமத்துக்கு இரண்டு வகை ஆட்கள் வந்தார்கள். கிராம சேவக் ஆண்களிடம் உரம், விதை, வரிசை நடவு பற்றிப் பேசினார். கிராம சேவிகா மாதர் சங்கத்தைக் கூட்டி, புகையில்லா அடுப்பு, தையல், குழந்தை வளர்ப்பு, சத்துணவு சொல்லிக்கொடுத்தார். கோயம்புத்தூரில் அதே பிரிவு கட்டடமாகவே எழுந்தது. ஒரு பக்கம் வேளாண்மைக் கல்லூரி. நெடுங்காலம் அங்கே படித்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். சில கிலோமீட்டர் தள்ளி, 1957-ல் அவினாசிலிங்கம் தொடங்கிய பெண்களுக்கான மனையியல் கல்லூரி. ராஜம்மாள் தேவதாஸ் என்ற ஊட்டச்சத்து அறிஞர் அதைக் கட்டி எழுப்பினார். பல தலைமுறைப் பெண்களுக்கு அந்தக் கல்லூரி வாழ்க்கை கொடுத்தது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் ஒரே ஊரில் ஒரு கல்லூரி நிலத்தைப் படித்தது, இன்னொன்று தட்டைப் படித்தது. தொம்பை இரண்டுக்கும் நடுவில் இருந்தது. அதைப் பாடமாக்க யாருக்கும் தோன்றவில்லை.

இதன் விளைவு 1960-களில் வந்தது. சி.எஸ்.எச்.-1 என்ற ஒட்டுச்சோளம் 1964-ல் வெளியானது, எச்.பி.-1 என்ற ஒட்டுக்கம்பு 1965-ல். விளைச்சல் கூடுதல். ஆனால் ஒட்டு விதையில் விளைந்ததை மறுபடி விதைத்தால் பழைய விளைச்சல் வராது. வருஷாவருஷம் வாங்கியாக வேண்டும். விதை வாங்கப் போகிறவர் ஆண். எந்த விதை என்று வானொலியில் கேட்டவரும் ஆண். தஞ்சாவூர்ப் பக்கம் ஏ.டி.டி. 27 நெல்லை 'ரேடியோ நெல்' என்றே சொன்னார்கள், அந்த அளவுக்கு வானொலி பயிற்சி கொடுத்தது. எங்கள் பக்கத்தில் திண்ணையில் வானொலி, உள்வீட்டில் விதைப்பானை. இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை.

முத்தூர் சாலையோரத் தோட்டத்தில் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மாவிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "ஆபீசரு வந்தா அவரத்தான் அம்மிணி கூப்புடுவாங்க. நான் மோரு கொண்டாந்து குடுத்துப்போட்டு இந்தப்பக்கம் நின்னுக்குவேன். அவிய போனதுக்கப்பறம், அந்த வெதை மொளைக்குமா பாருன்னு அவரு என்னத்தான் கேப்பாரு" என்றார். உலக வங்கி ஆதரவோடு டேனியல் பெனோர் வகுத்த 'பயிற்சியும் பார்வையிடலும்' முறை பின்னால் தமிழ்நாட்டுக்கு வந்தபோது இந்தக் காட்சிக்கு நிர்வாக வடிவம் கிடைத்தது. ஊருக்குச் சில தொடர்பு விவசாயிகள். அவர்களிடம் சொன்னால் மற்றவர்களுக்குப் பரவும் என்பது கணக்கு. நிலமும் ஓய்வும் பேச்சுச் செல்வாக்கும் உள்ளவர்தான் தொடர்பு விவசாயியாக முடியும். ஆதிக்கச் சாதி ஆண் என்று எழுதிவைக்கவில்லை. எழுதிவைக்கத் தேவையும் இருக்கவில்லை.

எஸ்தர் போசரப் 1970-ல் எழுதிய நூலில், பெரும்பாலும் ஆப்பிரிக்காவை வைத்து, இதையேதான் காட்டினார். பெண்கள் பயிர் செய்த இடத்திலும் வேளாண் கல்வி ஆண்களுக்குப் போனது, அதனாலேயே பெண்ணின் உழைப்பு 'பழைய முறை' ஆனது என்று. முதுகலை வகுப்பில் அந்த நூலைப் பற்றி யாரோ பேசக் கேட்டபோது ஆப்பிரிக்கா வெகுதூரம் என்று நினைத்தேன்.

எங்கள் காட்டில் நடந்ததைச் சோளத்தை வைத்துச் சொல்லலாம். இப்போதும் மழைக்குச் சோளம் விதைக்கிறார்கள். வண்டியில் போகிறவர்களுக்குக் காடு பச்சையாகத் தெரியும். அது தின்பதற்கு விதைத்ததல்ல. நெருக்கி விதைத்து, அறுத்து, தட்டாக்கி மாட்டுக்குப் போட. ஊடே பயறு போட்டால் அறுக்கத் தோதுப்படாது. ஆகவே தட்டையும் நரிப்பயறும் போயின. மாடு கறக்கிறது, பால் சங்கத்துக்குப் போகிறது, பணம் உறுப்பினர் பெயரில் வருகிறது. பரம்பிக்குளம்-ஆழியாறு வாய்க்காலின் கடைமடையான எங்கள் பக்கத்துக்குத் தண்ணீர் வருவதே பெரும் போராட்டம். வந்தால் அது விற்கிற பயிருக்கு. கால்நடையும் காசுப்பயிரும் பொருளாதாரக் கணக்கில் சரியான முடிவுதான். குடும்ப வருமானம் கூடியது. குடும்பத்தின் உணவு தோட்டத்தைவிட்டு நியாயவிலைக் கடைக்கு நகர்ந்தது.

அந்தக் கடையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1972-ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தொடங்கியதிலிருந்து, 2008-ல் கிலோ ஒரு ரூபாய், 2011-லிருந்து விலையில்லா அரிசி என்று வந்த பாதை இல்லையென்றால் காடு பொய்த்த வருஷங்களில் இங்கே எத்தனையோ வீடுகள் பட்டினி கிடந்திருக்கும். பசியைத் தீர்த்தது உழவர் கல்வியைவிட ரேஷன் அட்டை என்றுதான் சொல்வேன். ஆனால் பசி தீர்வதும் உடம்பு தேறுவதும் ஒன்றல்ல. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்விலும் தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்கள் இரத்தசோகை உள்ளவர்கள். கம்பும் பயறும் கீரையும் தட்டைவிட்டுப் போனதை இதற்கு ஒரே காரணம் ஆக்க முடியாது. அதை விட்டுவிட்டும் பேச முடியாது. முருங்கைக்காய் மூட்டை மூட்டையாக லாரி ஏறும் ஊர் எங்களுடையது. காய்க்கு விலை உண்டு. கீரைக்கு இல்லை, ஆகவே அது வீட்டுக்கு மிச்சம். அதைக் கிள்ளி ஆய்ந்து கடைய நேரம் இருக்கும் பெண்ணின் வீட்டில் மட்டும்.

இந்த மாற்றத்தில் கூடுதல் அடிபட்டவர்களைப் பற்றி எங்கள் வீடுகளில் பேசுவதில்லை. பண்ணையத்தில் இருந்த அருந்ததியர் குடும்பங்களுக்குக் கூலி தானியமாக வந்தது. அளந்தவர் கையின் தயவில் வந்தது, அவமானத்தோடு வந்தது. அதைத் திருப்பிக் கொண்டுவர யாரும் விரும்ப மாட்டார்கள். ஆனால் தட்டுச்சோளம் கதிர் விடுவதற்கு முன்னரே அறுபட்டபோது, அறுப்பில் கிடைக்கும் தானியமும் பொறுக்கி எடுக்கும் பயறும் சேர்ந்தே போயின. களை தெரிந்த, விதை தெரிந்த அந்தப் பெண்களிடம் எந்தக் கிராம சேவக்கும் வரவில்லை. வந்த சேவிகாவும் பெரும்பாலும் ஊருக்குள்தான் கூட்டம் போட்டார்; சேரிக்கு அல்ல.

பெண்களுக்கு நேரடியாகக் கற்பித்தபோது என்ன ஆயிற்று என்பதற்கும் நம்மிடம் ஓர் உதாரணம் உண்டு. 1986-ல் டென்மார்க்கின் டானிடா உதவியோடு தமிழ்நாட்டில் தொடங்கிய மகளிர் வேளாண் திட்டம், தான்வா. வேளாண்மை படித்த பெண்களையே பயிற்சியாளராக நியமித்து, சிறு, குறு விவசாயப் பெண்களைத் தேடிக் கிராமத்துக்கு அனுப்பினார்கள். விதைத் தேர்வு, விதை நேர்த்தி, உயிர் உரம், பயிர்ப் பாதுகாப்பு, தானியச் சேமிப்பு என்று வீட்டுக்கும் காட்டுக்கும் நடுவில் விட்டுப்போன அதே இடத்தைப் பாடமாக எடுத்தார்கள். பயிற்சி பெற்றவர் பக்கத்துக் காட்டுப் பெண்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதும் திட்டத்தில் இருந்தது. அந்தப் பயிற்சிக்குப் போன ஒருவரைத் தாராபுரம் சாலையில் ஒரு கல்யாண வீட்டில் சந்தித்தேன். பயிற்சியில் எது பிடித்தது என்று கேட்டால் அசோஸ்பைரில்லம் என்று தப்பில்லாமல் சொல்கிறார். "ஒரு பொம்பளை ஆபீசரு எம்பேரச் சொல்லிக் கூப்புட்டாங்க. இன்னார் ஊட்டுக்காரின்னு இல்லீங்க, எம்பேரு" என்றார். வந்ததும் கிணற்றுமேட்டில் கொஞ்சம் இடம் பிடித்துக் கீரையும் அவரையும் போட்டாராம். இரண்டு வருஷம் கழித்து அந்த இடத்துக்கும் தென்னங்கன்று வந்துவிட்டது. யார் வைத்தது என்று கேட்டேன். சிரித்தார்.

பெண் கல்வியும் உணவும் பற்றி உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் ஆய்வு ஒன்று உண்டு. லிசா ஸ்மித்தும் லாரன்ஸ் ஹாடட்டும் 63 வளரும் நாடுகளின் தரவை வைத்து 2000-ல் வெளியிட்டது. 1970 முதல் 1995 வரை குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைவில் ஏற்பட்ட இறக்கத்தில் 43 சதவீதத்துக்குப் பெண் கல்வி காரணம். உணவு கிடைப்பது கூடியதற்கு 26 சதவீதம்தான். விளைச்சலைக் கூட்டியதைவிடப் பெண்ணைப் படிக்கவைத்தது அதிகம் சாதித்தது என்பது சின்ன விஷயமில்லை. ஆனால் அது பள்ளிக் கல்வியைப் பற்றிய கணக்கு. கொங்கில் பள்ளிக் கல்வி பெண்ணை நிலத்திலிருந்து வெளியே எடுத்தது. அம்மா எட்டாவதோடு நின்றார். நான் முனைவர் பட்டம் வரை வந்தேன். என் வகுப்பில் இருக்கும் விவசாயக் குடும்பத்துப் பெண்களில் நரிப்பயற்றையும் பச்சைப்பயற்றையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் ஓரிருவர். முல்லைத் திணையின் கருப்பொருளை ஒப்பிப்பார்கள். குறை அவர்களுடையதல்ல. படித்த பெண்ணுக்கு நிலம் கொடுப்பதாக யாரும் சொல்லியிருந்தால் அவர்கள் வேறு மாதிரியும் படித்திருக்கக்கூடும்.

நிலம் கொடுப்பது பற்றிச் சட்டம் பேசியிருக்கிறது. 1956-ன் வாரிசுரிமைச் சட்டப்படியே அப்பாவின் பங்கில் மகளுக்குப் பங்குண்டு. 1989-ல் தமிழ்நாடு, நாட்டுக்கு முன்னதாகவே, பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு கொடுத்தது. ஆனால் அன்றைக்குக் கல்யாணமாகியிருந்தால் கிடையாது. 2005-ல் மத்தியச் சட்டம் அந்த விலக்கையும் நீக்கியது. நடைமுறையில் விடுதலைப் பத்திரம் இருக்கிறது. அப்புச்சி இறந்தபின் அம்மா கையெழுத்துப் போட்டதை நான் பார்த்தேன். மாமன்கள் கெட்டவர்கள் அல்ல. சீர் செய்தார்கள், எங்கள் படிப்புக்கும் உதவினார்கள். அந்தக் கையெழுத்துக்குப் பிறகு அம்மாவுக்குத் தெரிந்த விதை, மண், பட்டம் எல்லாம் நிலமில்லாத அறிவாயிற்று.

இதனால்தான் 'விவசாயி யார்' என்பது என் துறையைச் சேர்ந்த கேள்வியும் ஆகிறது. பழந்தமிழில் உழவருக்குப் பக்கத்தில் உழத்தி இருந்தாள். பள்ளு இலக்கியத்துக்கே உழத்திப்பாட்டு என்று இன்னொரு பெயர் உண்டு. நாம் இன்று புழங்கும் 'விவசாயி'யில் அவள் இல்லை. 'விவசாயியின் மனைவி' இருக்கிறாள். 1944-ல் கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் பட்டம் பெற்ற எம்.எஸ். சுவாமிநாதன், தன் கடைசிக் காலத்தில் மாநிலங்களவை உறுப்பினராக, பெண் விவசாயிகளின் உரிமைக்காக ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். நிலம் யார் பெயரில் இருந்தாலும், வேளாண்மையில் உழைக்கும் பெண்ணை விவசாயி என்று அங்கீகரிக்க வேண்டும் என்றது அது. 2013-ல் காலாவதியானது. 2019-ல் தொடங்கிய பிரதமர் உழவர் நிதி ஆண்டுக்கு 6,000 ரூபாய் தருகிறது, நிலம் பெயரில் உள்ள குடும்பத்துக்கு. நிலத்தின் பெயர் இல்லாதவருக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

2023 சர்வதேசச் சிறுதானிய ஆண்டு. அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் சிறுதானியப் பயிற்சி முகாம் நடந்தது. தமிழ் பேசத் தெரிந்தவர் வேண்டும் என்று என்னையும் அழைத்திருந்தார்கள். முன்வரிசை நாற்காலிகளில் ஆண்கள். அவர்களுக்குச் சொட்டுநீர் மானியம் பற்றி ஒரு மணிநேரம். பக்கத்துக் கூடத்தில் சுயஉதவிக்குழுப் பெண்களுக்குச் சமையல் போட்டி, கம்பு லட்டு, சோளப் பணியாரம், ராகிப் புட்டு. 1952-ன் சேவக்கும் சேவிகாவும் வேறு உடுப்பில் வந்து நின்றதுபோல் இருந்தது. பரிசளிப்பு முடிந்து கேள்வி நேரத்தில், கூலி வேலைக்குப் போகும் ஓர் அம்மா பின்னாலிருந்து எழுந்தார்.

"கம்பு நல்லதுன்னு எங்களுக்குத் தெரியுமுங்க. எங்கம்மா கம்பு தின்னுதான் எங்கள வளத்துனாங்க. வெதைக்கறது யாரு காட்டுலீங்க?"

மேடையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நல்ல கேள்வி என்று ஒருவர் சொன்னார். இளம் பெண் அலுவலர் ஒருவர் இறங்கிப் போய், அடுத்த பயிற்சிக்கு அழைக்கிறோம் என்று பதிவேட்டை விரித்து அவர் பெயரையும் ஊரையும் எழுதினார். அடுத்த கட்டம் சர்வே எண். பேனாவை நிறுத்தி ஒரு நொடி யோசித்துவிட்டு, அதில் ஒரு கோடு போட்டார்.